காரீயக் கறை

ஈயம் என்று நாம் பொதுவாகச் சொல்லுவது இரண்டு உலோகங்களை. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் செய்வது, சமையலுக்கு ஏற்றது. துப்பாக்கிக் குண்டு காரீயத்தால் ஆனது, அது நஞ்சு. இந்தக் காரீயம் துப்பாக்கியில் எங்கே படிகிறது, அதை எவ்வாறு நீக்குவது என்பதை ஈண்டுக் காண்போம். ஜீவனஹள்ளியில் என் அறை நண்பர்கள் இருவர் சுடும் பயிற்சிக்குச் செல்கிறார்கள். திரும்பி வந்த கையோடு சோற்றுத் தட்டின் முன் உட்காருகிறார்கள். அவர்களை எண்ணியே இதை எழுதலானேன்.

தேசிய மாணவர் படையினர் பயிலும் புள்ளி 22 ரைபிளுக்கும், அதே அளவு ரிவால்வருக்கும் தோட்டா ஒரே வகைதான். தீப்பற்றும் மருந்து பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள் இருக்கும். அம்மருந்திலும் பெரும்பாலும் காரீய உப்பு உண்டு. குண்டு சுமார் 2.6 கிராம் எடையுள்ள மெல்லிய காரீயம். மேலே மெழுகுப் பூச்சு மட்டுமே.

ரிவால்வரில்தான் கறை மிகுதி. காரணம் அதன் அமைப்பு. தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கின்றன. உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி உண்டு. குண்டு அதைத் தாண்டிக் குழலின் வாய்க்குள் புகவேண்டும். உருளை சற்றே விலகி நின்றாலும் குழல்வாயின் விளிம்பு காரீயத்தைச் சீவிவிடும். சூடான வாயு இடைவெளி வழியே பீறிட்டு, அதை உருளையின் முகப்பில் அப்பும். கறை தடித்தால் உருளை சுழல மறுக்கும். குழலினுள் படிந்தால் குறி தவறும்.

துப்புரவு செய்யுமுன் எல்லா அறைகளும் காலியா என்று இருமுறை பார்க்க வேண்டும். பிறகு, துப்பாக்கிக்கென்றே விற்கும் கரைப்பானைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிடுக. வெண்கலக் கம்பி பிரஷ்ஷால் ஒவ்வோர் அறையையும், குழல்வாயையும், குழலையும் தேய்க்கலாம். எஃகு பிரஷ் கூடாது. அது குழலைக் கீறும். பின் துணியால் துடைத்து, மெல்ல எண்ணெய் பூசுக.

வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் கலந்து ஊற்றினால் காரீயம் நொடியில் கரையும் என்பார்கள். கரைவது உண்மை. ஆனால் கிடைப்பது காரீய அசிட்டேட். கட்டியாக இருந்த நஞ்சு நீரில் கரைந்த நஞ்சாகிறது. அது உடலில் எளிதில் சேரும். எஃகும் அரிக்கப்படும். இக்குறுக்கு வழி வேண்டாம்.

பெங்களூருக்குக் காரீயப் பேச்சு புதிதன்று. காரீய நஞ்சைத் தடுப்பது பற்றிய பன்னாட்டு மாநாடு 1999 பிப்ரவரியில் இந்நகரில்தான் கூடியது. மறு ஆண்டே நாடெங்கும் காரீயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. காரீயத்தில் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளையை அது பெரிதும் தாக்கும்.

ஆகவே, நண்பர்களே, சன்னலைத் திறந்து வைத்துத் துடையுங்கள். கறைத் துணியைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். சோப்பிட்டுக் கை கழுவுமுன் எதையும் உண்ணாதீர்கள். பயிற்சிச் சட்டையைத் தனியே துவையுங்கள். அதோடு வீட்டுக் குழந்தையைத் தூக்காதீர்கள். துப்பாக்கியைத் துடைப்பது பாதி வேலை. கையைக் கழுவுவது மறுபாதி.