புலாவ் செபாங்கில் ஒரு ஸ்பிட்ஃபயர்: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் அறையை மீட்டெடுப்பது எப்படி?

புலாவ் செபாங் என்றதும் நம்மில் பலருக்கு இரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். மலாக்கா மாணவர்கள் பலர் கோலாலம்பூருக்குப் படிக்கப் போகும்போதும் தீபாவளிக்குத் திரும்பும்போதும் கால் வைக்கும் இடம் அது. அந்த நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கடைவரிசைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கேதான் என் தாய்மாமா மூன்று ஆண்டுகளாக ஒரு மஞ்சள் நிறக் காருடன் மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார். அது 1972-ஆம் ஆண்டு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4. தோட்டத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு இருவர் மட்டுமே அமரக்கூடிய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று அத்தை இன்றும் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு விடை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. விடுமுறைகளில் மாமாவுக்குக் கையாளாக இருந்து நான் கற்றுக் கொண்டதைப் பிறர்க்கும் பயன்படும் வகையில் சொல்வதே நோக்கம்.

சென்னைக்கும் இந்தக் காருக்கும் உறவு

ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில், கவென்ட்ரி நகரின் கேன்லி தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது. மொத்தம் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட கார்கள். இதன் அடிச்சட்டம் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தைச் சுருக்கிச் செய்யப்பட்டது. இரண்டுக்கும் வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. அதே ஹெரால்டு, 1961 முதல் சென்னைக்கு அருகே வண்டலூரில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரானது. பழைய தமிழ்ப் படங்களில் ஓடும் அந்தச் சின்னக் காரும் மாமாவின் மஞ்சள் காரும் ஒரே குடும்பம் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

எஞ்சினும் ஒரே குடும்பம்தான். சென்னை ஹெரால்டில் 948 சிசி. ஸ்பிட்ஃபயரில் முதலில் 1147, பிறகு 1296, கடைசியாக 1493 சிசி. உருளையின் விட்டமும் இறுதியில் பிஸ்டன் ஓடும் நீளமும் கூடினவே தவிர, அடிப்படை அமைப்பு மாறவில்லை. எனவே சிறு பாகங்கள் சிலவற்றைச் சென்னையிலும் தேடலாம். புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் பாகங்களும், ஜி.பி. சாலையில் புதிய பாகங்களும் விற்கின்றன. ஆனால் ஹெரால்டின் பாகங்கள் எல்லாம் ஸ்பிட்ஃபயருக்குப் பொருந்தா. அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

முதல் கேள்வி: மீட்பதா, மாற்றுவதா?

நம் நாட்டில் பழைய காரின் எஞ்சின் கெட்டுவிட்டால் பலரும் சொல்லும் யோசனை ‘ஹாஃப்கட்’. ஜப்பானில் கழித்துக் கட்டிய கார்களின் முன்பாதியை எஞ்சினோடு வெட்டிக் கப்பலில் கொண்டு வந்து விற்கிறார்கள். ஜப்பானிலும் நம்மைப் போலவே ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் ஜப்பானியக் கார்களுக்கு அவை நன்கு பொருந்தும். விலையும் கட்டுப்படியாகும். மாமாவுக்கும் நண்பர்கள் இதையே சொன்னார்கள்.

ஆனால் ஸ்பிட்ஃபயரில் ஜப்பானிய எஞ்சினை வைக்க வேண்டுமானால் தாங்கிகளை வெட்ட வேண்டும். கியர்பெட்டிக்கு மேலுள்ள தரையையும் சில வேளைகளில் வெட்ட வேண்டும். வெட்டியதை மறுபடி ஒட்டுவது எளிதன்று. மேலும் எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் தெரிவித்து, வாகனப் பரிசோதனைக்குக் கொண்டு சென்று, பதிவிலுள்ள எஞ்சின் எண்ணைத் திருத்த வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டுவது குற்றம். “இருக்கிற எஞ்சினுக்கு என்ன கோளாறுன்னே இன்னும் பார்க்கல. அதுக்குள்ள எதுக்குடா தம்பி தூக்கிப் போடணும்?” என்றார் மாமா. அதுவே எங்கள் முதல் பாடமாயிற்று. கோளாறு இன்னதென்று தெரிந்த பிறகே பாகம் தேட வேண்டும்.

கோளாறு கண்டறிதல்

ஸ்பிட்ஃபயரில் வேலை செய்வது ஒரு சுகம். மற்ற கார்களில் பானெட் மட்டுமே திறக்கும். இதிலோ பானெட்டும் இருபுற மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து கொண்டே வேலை பார்க்கலாம்.

இந்த எஞ்சினுக்கு ஒரு பேர்போன பலவீனம் உண்டு. கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை, பின்பக்க பேரிங்கில் உள்ள இரண்டு அரைவட்ட வில்லைகள். திரஸ்ட் வாஷர் என்பார்கள். கிளட்சை மிதிக்கும் போதெல்லாம் தண்டு முன்னோக்கித் தள்ளப்படுவதால் பின்பக்க வில்லை தேயும். மிகவும் தேய்ந்தால் கழன்று எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்துவிடும். பிறகு இரும்போடு இரும்பு உரசி, எஞ்சினே வீணாகும்.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் எஞ்சினின் முன்னாலுள்ள புல்லியைக் கவனிக்க வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால் ஆபத்து. துல்லியமாக அளந்தால் அசைவு 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்கள் காரில் புல்லி நன்றாகவே நகர்ந்தது. தொட்டியைக் கழற்றியபோது ஒரு வில்லை எண்ணெய்க்குள் கிடந்தது. நல்லவேளையாகத் தண்டு கெடவில்லை. புதிய வில்லைகளைப் பொருத்தும்போது பள்ளக் கோடுகள் உள்ள பக்கம் தண்டைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சில நாள்களிலேயே பழைய கதைதான். சாலை விளக்குகளில் நிற்கும்போது கிளட்சை மிதித்துக் கொண்டே இருக்காமல் நியூட்ரலுக்கு மாற்றிவிடுவது இந்த வில்லைகளின் ஆயுளைக் கூட்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவர். பேட்டரி அதன் மேல்தான் அமர்ந்திருக்கிறது. பிரேக், கிளட்சு எண்ணெய்க் குடுவைகளும் அங்கேதான். பேட்டரி அமிலம் ஒருபுறம், வண்ணத்தை உரிக்கும் பிரேக் எண்ணெய் மறுபுறம். நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்தால் துருவுக்குக் கேட்கவா வேண்டும்? எங்கள் காரில் பேட்டரித் தட்டின் அடிப்பகுதியில் கைவிரல் நுழையும் ஓட்டை. துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பின்னரே வண்ணம் பூசினோம். துருவின் மேல் வண்ணம் பூசுவது புண்ணின் மேல் பவுடர் போடுவது போன்றது.

கழற்றும் முன் எழுது

கழற்றியது திரும்பி வராத கதை இவ்வூருக்குப் புதிதன்று. 1905-இல் இங்கிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளை இரயில் பாதை திறக்கப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியின்போது தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் அந்தப் பாதைக்குத்தான் கொண்டு செல்லப்பட்டனர். பலர் திரும்பவில்லை. போருக்குப் பின் மலாக்காவுக்கு அந்தப் பாதை மீண்டும் போடப்படவும் இல்லை.

கார் சிறிய விஷயம்தான். ஆயினும் கழற்றும் முன் படம் எடுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் நட்டையும் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள். இக்காரின் மரையாணிகள் பெரும்பாலும் அங்குல அளவிலானவை. 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பானர்கள் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பானரைத் திணித்தால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

நான் செய்த பெரும் தவற்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கொட்டகையைச் சுத்தம் செய்கிறேன் என்று எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய ரப்பர் குழாய்களையும் கிளிப்புகளையும் குப்பையில் எறிந்தேன். அவைதாம் மாதிரிகள்! எந்தக் குழாய் எவ்வளவு வளைவு என்று தெரியாமல் இரண்டு மாத வேலை நின்றது. மாமா திட்டவில்லை. ஒரு வாரம் பேசவில்லை, அவ்வளவுதான். புதிய பாகம் பொருந்தி, கார் ஓடும்வரை பழைய பாகத்தை எறியாதீர்கள்.

பாகங்களை எங்கே தேடுவது?

முதலில் உங்கள் கார் எது என்பதை உறுதி செய்யுங்கள். டிரையம்ப் கார்களில் ‘கமிஷன் எண்’ பொறித்த தகடு இருக்கும். முதல் இரண்டு வகை ஸ்பிட்ஃபயர்களுக்கு எஃப்சி, மார்க் 3-க்கு எஃப்டி, மார்க் 4-க்கு எஃப்எச் என்று அந்த எண் தொடங்கும். இங்கிலாந்தில் கேடன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், கட்டணம் பெற்றுக் கொண்டு, காரின் பழைய தயாரிப்புப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. முதல் வண்ணம், தயாரான நாள் முதலியவற்றை அதில் அறியலாம்.

பிறகு பட்டியலை மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

முதலாவது, புதிதாகவே வாங்க வேண்டியவை: பேரிங்குகள், திரஸ்ட் வாஷர், கேஸ்கெட், பிரேக் ரப்பர்கள். ரிம்மர் பிரதர்ஸ், கேன்லி கிளாசிக்ஸ் போன்ற ஆங்கிலேய நிறுவனங்கள் இவற்றை அஞ்சலில் அனுப்புகின்றன. பாகத்தின் எண்ணைப் பட்டியல் நூலில் பார்த்துக் கேட்க வேண்டும். பலவற்றை ஒன்றாகச் சேர்த்து வரவழைத்தால் அஞ்சல் செலவு குறையும்.

இரண்டாவது, பழையதையே பழுது பார்க்க வேண்டியவை. இரட்டை எஸ்யு கார்புரேட்டர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றின் உடல் எளிதில் கெடாது. ஊசி, ஜெட், திராட்டில் தண்டு ஆகியவையே தேயும். தண்டு தேய்ந்த இடைவெளியில் காற்று புகுந்தால் எஞ்சின் நிலையாக ஓடாது. இங்கிலாந்தின் பர்லன் நிறுவனம் இப்பாகங்களை இன்றும் தயாரிக்கிறது.

மூன்றாவது, உள்ளூரிலேயே கிடைப்பவை. ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்று அளவுகள் போதும். தம்பினிலோ அலோர் காஜாவிலோ பேரிங் கடைக்குப் பழையதை எடுத்துப் போனால் பொருத்திப் பார்த்துத் தருவார்கள். பெல்ட்டும் அப்படியே.

ரப்பர் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் அதிர்வைத் தாங்கும் மவுண்டுகளுக்கு இயற்கை ரப்பரே சிறந்தது. ஆனால் பெட்ரோல் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். ஆகவே எரிபொருள் குழாய்க்கு நைட்ரில் போன்ற செயற்கை ரப்பர் வேண்டும். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896-இல் நம் மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவரால் தொடங்கப்பட்டது. பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எந்த ரப்பர் எதற்கு என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

மின்கம்பிகளும் முதல் ஓட்டமும்

மின்கம்பிகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். லூகாஸ் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை சாவி போட்டபின் மின்சாரம் பெறுவது. பச்சை அதே மின்சாரத்தை ஃபியூஸ் வழியாகக் கொண்டு செல்வது. கறுப்பு எர்த். மார்க் 1, 2 கார்களில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த் என்பதை மறக்கக் கூடாது. புதிய ரேடியோவைத் தவறாக இணைத்தால் புகைதான் மிஞ்சும்.

எல்லாம் பூட்டிய பிறகு உடனே எஞ்சினைக் கிளப்பக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் வரும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்ற வேண்டும். வால்வு இடைவெளி 0.25 மில்லிமீட்டர். தீப்பொறி வரிசை 1-3-4-2. இவை சரியாக இருந்தால் எஞ்சின் பேசும்.

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு மாலை அது பேசியது. மாமா நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். “மூணாவது வால்வு கொஞ்சம் லூசு” என்றார். அளந்து பார்த்தேன். மூன்றாவது வால்வில் இடைவெளி கூடுதலாகத்தான் இருந்தது.

அந்தக் காதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. தோட்டத்து லாரிகளையும் துரைமார் கார்களையும் ஓட வைத்த தமிழ்ப் பிட்டர்கள் பலர் எழுதி வைக்காமலே மறைந்து போனார்கள். வாசகர்களே, உங்கள் ஊரிலும் அப்படி ஒரு மாமா இருக்கலாம். அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். நான் இப்போது தாமதமாகவேனும் அதைத்தான் செய்து கொண்டிருக்கிறேன்.