உங்களுக்குத் தெரியுமா? மட்டாஞ்சேரியில் படிக்கலாம் உலக வரலாறு!

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு வரலாறு முதல் உலகப் போரில் தொடங்குகிறது. போர்களுக்கு இடைப்பட்ட உலகம், இரண்டாம் உலகப் போர், அதற்குப் பிந்தைய உலகம் என்று முதல் நான்கு பாடங்களும் உலகத்தைச் சுற்றியே போகின்றன. கேரளத்துப் பத்தாம் வகுப்பு நூலிலும் ‘இருபதாம் நூற்றாண்டில் உலகம்’ என்றொரு பாடம் பல ஆண்டுகள் இருந்தது. வெர்சாய், ஸ்டாலின்கிராட் என்று பெயர்களை உருப்போடும் பிள்ளையை ஒருமுறை கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு அழைத்துப் போங்கள். அந்தப் பாடங்களில் பல அங்கே தெருவில் கிடக்கின்றன.

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்றால் எதிரே தெரியும் வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி, காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது! 1920இல் கொச்சிக்கு வந்த ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி வழி திறந்தார். 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதுவரை பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கு படகுகளில்தான் போய்வரும்.

பாடநூல் சொல்லும் இரண்டாம் உலகப் போரில் கொச்சி மீது குண்டு விழவில்லை. ஆனால் 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் இங்கே அடுப்பு அணைந்தது. கொச்சியும் திருவாங்கூரும் பர்மா அரிசியை நம்பியே சோறு பொங்கிய சமஸ்தானங்கள். அரிசி நின்றதும் ரேஷன் வந்தது, மரவள்ளிக் கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தது. பர்மா வீழ்ந்ததைப் போர்முனைக் கதையாக மட்டும் சொல்லும் பாடம் பாதிப் பாடம்தான்.

‘சாப்பா’ தெரியுமா? கொச்சித் துறைமுகத்தில் அன்றைய வேலைக்கு அனுமதிச் சீட்டாக இருந்த உலோக வில்லை. காலையில் கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்தின் மீது கங்காணிகள் இதை வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து, மிதிபட்டு, கையில் ஒன்றைப் பற்றியவனுக்கு அன்று கூலி உண்டு. மற்றவன் வீட்டில் பட்டினி. இந்த முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சுதந்திரம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பை முறைப்படுத்தும் மத்திய சட்டமே 1948இல் வந்துவிட்டது!

கே. எம். சிதம்பரன் எழுதிய நாடகத்தை அடிப்படையாகக் கொண்டு ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ படம் இந்த வரலாற்றைத்தான் சொல்கிறது. திரைக்கதை எழுதியவர் நாடகாசிரியரின் மகன் கோபன் சிதம்பரன். 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2023 மார்ச்சில் திரையரங்குகளுக்கு வந்தது. நிவின் பாலி நடித்திருந்தும் பெரிதாக ஓடவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. சாப்பா எறியப்படும் காட்சி ஒன்றுக்காகவே அதை வகுப்பறைகளில் போட்டுக் காட்டலாம்.

இனிமேல்தான் வியப்பு. எலியா கசான் இயக்கி, மார்லன் பிராண்டோ நடித்து, 8 ஆஸ்கர் வென்ற ‘ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்’ படத்திலும் இதே காட்சி இருக்கிறது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து ஹோபோக்கன் துறையில் மேஸ்திரி வில்லைகளைத் தரையில் வீசுகிறான். தொழிலாளர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பொறுக்குகிறார்கள். அந்தப் படப்பிடிப்பு தொடங்கியது 1953 நவம்பரில். மட்டாஞ்சேரியில் துப்பாக்கி வெடித்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. இரண்டு ஊருக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. ஆனால் கூலிக்காரனை அன்றாடம் ஆள் எடுத்து அன்றாடம் கழித்துவிடும் வழக்கம் லண்டன் துறை தொடங்கி உலகம் முழுக்க இருந்தது. 1889இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். ஹோபோக்கன் கதையில் தொழிற்சங்கத் தலைவனே வில்லன். அவனுக்கு எதிராக விசாரணைக் குழுவின் முன் வாய் திறப்பவன் நாயகன். மட்டாஞ்சேரிக் கதையிலோ சங்கம் கட்டுவதே வீரம். ஏன் இந்த வேறுபாடு? கசான் 1952இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்பு தம் பழைய கம்யூனிஸ்ட் தோழர்களின் பெயர்களைச் சொன்னவர். நாயகனின் நியாயத்தில் தம் நியாயமும் கலந்திருப்பதைப் பின்னாளில் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். வரலாற்றுப் படம் எதுவும் இரண்டு காலங்களைக் காட்டும்: கதை நடக்கும் காலம், படம் எடுத்த காலம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இரண்டாவதையும் கேட்கப் பழகினால், படம் பார்ப்பது பொழுதுபோக்கு என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார்.

படத்தைப் பாடத்தோடு சேர்ப்பது புதிதும் அல்ல. மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட 12ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில், பிரிவினைப் பாடத்தோடு ‘கரம் ஹவா’ படத்தைப் பரிந்துரைக்கும் பெட்டிச் செய்தி உண்டு.

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவுக்கு வருவோம். அங்குள்ள பரதேசி யூதர் கோயில் 1568இல் கட்டப்பட்டது. அதற்குள் ஒரு சத்தியாகிரகம் நடந்தது! அடிமை வழி வந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யூதர்களுக்குப் பெஞ்சில் உட்காரவும், வேதம் வாசிக்கவும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்து வழக்கறிஞரான ஏ. பி. சேலம், காந்தி வழியில் உள்ளிருந்தே போராடினார். ‘யூத காந்தி’ என்று பெயர் பெற்றார். அவர் ஒரு மகனுக்கு வைத்த பெயர் பால்ஃபர். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் என்று 1917இல் அறிவித்த பிரிட்டிஷ் அமைச்சரின் பெயர்.

கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களின் முதற்பாதியில் இஸ்ரேலுக்குப் புறப்பட்டார்கள். யானைக்கால் நோய் அச்சத்தால் அங்குள்ள அதிகாரிகள் முதலில் தயங்கியதும், பேசித் தீர்க்க 1953இல் சேலமே அங்கு போனதும் பலர் அறியாத செய்தி. வழியனுப்பி வைத்த அவரோ கொச்சியிலேயே இருந்து 1967இல் மறைந்தார். புறப்பாட்டின் வலியை ஓரளவு உணர, கமல் இயக்கிய ‘கிராமபோன்’ (2003) படத்தைப் பாருங்கள்.

மட்டாஞ்சேரியின் இன்னொரு யூதக் கோயிலான கடவும்பாகத்தின் மரவேலைப்பாடுகள் இன்று ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. மட்டாஞ்சேரியில் மிஞ்சியிருந்த கட்டடமோ 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த செயல்திட்டத்துக்கு ஹிட்லர் படத்தை ஒட்டச் சொல்வதற்குப் பதிலாக, இந்தத் துறைமுகப் படங்கள் இரண்டையும் காட்டிவிட்டு, தங்கள் ஊரில் கூலி வேலைக்கு ஆள் எடுத்த விதத்தைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.