கையடக்க ஸ்கேனர்: வாங்கத் தகுமா?

வெளிநாட்டில் பணிபுரியும் மகனோ மருமகனோ விடுமுறையில் வரும்போது, "என்ன கொண்டுவரட்டும்?" என்று கேட்பது நம் இல்லங்களில் வழக்கம். வானொலியில் நாட்டமுள்ள பெரியவர், "ஸ்கேனர் என்று ஒரு ரேடியோ இருக்கிறதாமே, அதை வாங்கி வாயேன்" என்று சொல்லிவிடுகிறார். மும்பை மாட்டுங்காவிலும், டில்லி கரோல் பாக்கிலும், கொல்கத்தா லேக் மார்க்கெட்டுப் பக்கத்திலும் வாழும் நம்மவர்க்கு இக்கருவியின் மேல் ஆசை பிறப்பது இயல்பே. எல்லா அலைகளையும் துழாவிப் பிடிக்கும் கருவி என்றால், அதில் தமிழ்க் குரல் ஒன்றேனும் அகப்படாமலா போகும்? இந்த எண்ணம் எவ்வளவு சரியானது என்பதைப் பணம் செலவாகும் முன்னரே ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

சாதாரண ரேடியோவில் நாமே குமிழைத் திருகி நிலையத்தைத் தேடுகிறோம். ஸ்கேனரில் அந்த வேலையைக் கருவியே செய்கிறது. இரவுக் காவற்காரர் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தெருவில் நடப்பதை நாம் கண்டிருக்கிறோம். பூட்டிய கதவைக் கடந்து போவார். திறந்த கதவு கண்டால் நிற்பார். ஸ்கேனரும் நாம் பதிவு செய்து வைத்த அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண நேரத்தில் தொட்டுச் செல்கிறது. எங்கேனும் பேச்சு எழுந்தால் அவ்விடத்தில் நின்று ஒலிக்கிறது. பேச்சு ஓய்ந்ததும் மீண்டும் நடக்கத் தொடங்குகிறது. பேச்சில்லாத நேரத்து இரைச்சலை அடக்கி வைப்பதற்கு 'ஸ்குவெல்ச்' என்னும் குமிழ் உண்டு. அதனை அதிகம் திருகிவிட்டால் மெலிந்த குரல்களும் அடங்கிப்போகும். போதாமல் திருகினால் கருவி வெறும் இரைச்சலிலேயே நின்றுவிடும். புதிதாக வாங்குவோர் பலரும் இடறுவது இவ்விடத்தில்தான்.

முதன்முதலாக வாங்குவோர்க்கு ஏற்றதெனப் பெயர் பெற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம்: யூனிடன் நிறுவனத்தாரின் 'பேர்கேட் பி.சி. 125 ஏ.டி.' என்பது. சட்டைப் பையில் திணிக்கலாம். இரண்டு சிறு பென்சில் பாட்டரிகள் போதும். 500 அலைவரிசைகளைப் பத்துத் தொகுதிகளாகப் பதிந்து வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டலாம். அருகில் வலிமையான ஒலிபரப்புக் கருவி ஏதேனும் இயங்கினால், அதன் அலைவரிசையைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் திறமும் அதற்குண்டு. அமெரிக்காவில் நூறு டாலருக்குச் சற்று மேற்பட்ட விலையில் கிடைத்துவந்த இக்கருவி, அந்த விலைக்குத் திறமான வேலைப்பாடு உடையது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அது கேட்கும் எல்லைகளைக் கவனியுங்கள்: 25 முதல் 54 மெகாஹெர்ட்ஸ், 108 முதல் 174, 225 முதல் 380, 400 முதல் 512. (முன்னாளில் மெகாசைக்கிள் என்று வழங்கியதே இந்த மெகாஹெர்ட்ஸ்.) நம் ஒலிபரப்புகள் எங்கே இருக்கின்றன? மத்திய அலை ஏறத்தாழ 530 முதல் 1,600 கிலோஹெர்ட்ஸ் வரை. அதாவது இரண்டு மெகாஹெர்ட்ஸைக்கூட எட்டவில்லை. சிற்றலை ஒலிபரப்புகளில் பெரும்பாலானவை 25 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே. பண்பலையோ 88 முதல் 108 வரை. ஸ்கேனரின் எல்லைகளில் இம்மூன்றுமே விடுபட்டிருக்கின்றன! பதினாயிரத்துக்கும் மேலே செலவழித்துக் கைக்கு வந்த கருவியில் திருச்சியும் இல்லை, சென்னையும் இல்லை. பக்கத்து ஊரின் பண்பலைப் பாட்டுமில்லை. எல்லாவற்றையும் கேட்கும் என்று நம்பி வாங்கியவர்க்கு இதனினும் பெரிய ஏமாற்றம் வேண்டுமோ?

அப்படியானால் அது எதைத்தான் கேட்கிறது? விமானிகளும் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தாரும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையில் பேசிக்கொள்கின்றனர். இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வன. ஆகையால் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல், இடையே மறைப்பில்லையேல், நானூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்துகூட எட்டும். கோபுரத்தின் மறுமொழியோ இருபது முப்பது கிலோமீட்டரிலேயே மறைந்துவிடும். உரையாடலில் ஒருவர் குரல் மட்டும் கேட்டு மற்றவர் குரல் கேளாதிருப்பதன் காரணம் இதுவே. கப்பல்கள் அழைப்புக்கும் ஆபத்துக்கும் பயன்படுத்தும் பதினாறாம் வரிசையும் (156.8 மெகாஹெர்ட்ஸ்) அமெச்சூர் வானொலியார் பேசும் 144 முதல் 146 வரையான பகுதியும் இதன் எல்லைக்குள் அடங்கும். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து நம் நாட்டு மாணவர்களோடு அமெச்சூர் வானொலி வழியாகப் பேசினார். அத்தகைய பேச்சு பூமிக்கு வரும் வழக்கமான அலைவரிசை 145.8, நிலையம் தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்கள் மட்டும் இவ்வளவு சிறிய கருவியிலும் அது கேட்கும். இதன் சுவையை நாம் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. இவ்வகைக் கருவி பழைய அனலாக் முறைப் பேச்சை மட்டுமே அறியும். டில்லி மெட்ரோ ரயிலார் பயன்படுத்துவது 'டெட்ரா' என்னும் டிஜிட்டல் முறை. அதனை இக்கருவி எதிர்ப்பட்டால் காதில் விழுவது பேச்சன்று, ஒரு கரகரப்பு மட்டுமே. ஸ்கேனருக்குப் பெயர்போன அமெரிக்காவிலேயே நியூயார்க் நகரப் போலீஸார் 2023 முதல் தங்கள் உரையாடலை மறைமொழியாக்கத் தொடங்கிவிட்டனர். போகப்போக இக்கருவிக்குக் கேட்க அகப்படுவது சுருங்கி வருகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இதில் நாம் சற்று நின்றே செல்லவேண்டும். கம்பியில்லாத் தந்திக் கருவியை உரிமமின்றி வைத்திருத்தல் குற்றம் என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வீட்டு ரேடியோவுக்கும் ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் கட்டணம் கட்டி உரிமப் புத்தகத்தைப் புதுப்பித்தது மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்கம் 1980-களில் ஒழிந்தது. ஆயினும் ஒலிபரப்பைக் கேட்கும் ரேடியோவுக்குக் கிட்டிய விலக்கு ஸ்கேனருக்கும் தானாகவே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. வானொலிக் கருவி வைத்திருப்பதற்கு அரசின் அங்கீகாரம் வேண்டும் என்னும் கொள்கையை 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் கைவிடவில்லை. முறையான அனுமதியின்றி வாக்கி-டாக்கிகளை விற்பனைக்கு வைத்த இணைய அங்காடிகளுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் அறிவிக்கைகள் அனுப்பியது. அங்காடியில் கிடைக்கிறது என்பதனாலேயே ஒரு பொருள் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடாது. மகன் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் கருவி சுங்கச் சாவடியில் நின்றுவிடக்கூடும்; விளக்கம் சொல்ல வேண்டியவர் அவரே. வேற்றூரில், அவ்வூர் மொழி சரளமாக வராத ஒருவர், போலீஸ் பேச்சைக் கேட்கும் கருவியோடு பூங்காவில் அமர்ந்திருப்பதைப் பிறர் எவ்வாறு எடுத்துக்கொள்வர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்கியே தீரவேண்டும் என்போர், டில்லியில் தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்த வயர்லெஸ் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, மறுமொழி வந்த பின்னரே பணத்தை எடுக்கவேண்டும்.

பிறர் பேச்சைக் கேட்பதினும் தாமே பேச விரும்புவோர்க்கு வேறு நேரிய வழி இருக்கிறது. பன்னிரண்டு வயது நிறைந்த எவரும் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதலாம். அதன் கீழ்நிலைத் தேர்வுக்கு மோர்ஸ் தந்தி பயில வேண்டுவதில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையில் அமெச்சூர் குழு ஒன்று போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. தொலைபேசி அறுந்த அந்நாட்களில் உற்றாரின் நலச் செய்தியைத் தாய்நிலத்துக்கு அனுப்ப அக்குழு துணைநின்றது. அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு என்பது நேயர் அறிந்ததே. அச்செய்திகள் கடல் கடந்தது சிற்றலையில். நாம் மேலே சொன்ன ஸ்கேனரின் காதுக்கு அவை எட்டியிரா.

தமிழ்க் குரலே வேண்டும் என்பார்க்கு நாம் சொல்வது மத்திய அலையும் சிற்றலையும் பண்பலையும் ஒருங்கே அமைந்த கையடக்க ரேடியோவைத்தான். டெக்ஸன் பி.எல். 330 அத்தகையது, பழைய நோக்கியா கைபேசியின் பாட்டரியே அதற்கும் பொருந்துகிறது என்பது ஒரு வசதி. சில ரேடியோக்களில் விமான அலையும் சேர்ந்திருக்கும்; மேற்சொன்ன காரணத்தால் அவற்றைத் தவிர்ப்பது நலம். தெளிவு மட்டுமே போதும் என்பார்க்குக் கைபேசியில் ஆகாசவாணியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலி இருக்கிறது, செலவில்லை, சுங்கமுமில்லை.

ஆனால் ரேடியோவில் தொலைவிலிருந்து ஊர்க்குரலைப் பிடிப்பதில் உள்ள மகிழ்ச்சி வேறு. பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்து அவ்வடுக்கு மறைந்ததும், அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் இறங்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் கருவியைத் தென்புற ஜன்னலருகே வைத்து, வீட்டில் எல்.இ.டி. விளக்குகளையும் கைபேசிச் சார்ஜர்களையும் அணைத்துவிடுங்கள். இரைச்சலில் பாதி அவற்றால் வருவதே. ரேடியோவின் உள்ளே கிடக்கும் ஃபெரைட் தண்டுக்குத் திசையுணர்வு உண்டு. ஆகவே கருவியை மெல்லச் சுழற்றிக்கொண்டே வாருங்கள். குரல் தெளியும் கோணத்தில் நிறுத்தி, அந்த இடத்தை ஜன்னற் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து வைத்துக்கொண்டால் மறுநாள் தேடவேண்டியதில்லை.