மீன் தொட்டிக்கு அருகே ஒரு பச்சைத் தொட்டி

எங்கள் நடுநிலைப் பள்ளி சின்னமனூர் பக்கம், நெல் வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை நான் அறிவியல் எடுக்கிறேன். உணவுச் சங்கிலியைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டே எத்தனை வருடம் நடத்துவது என்று தோன்றி, ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி ஆறு கப்பி மீன்களை விட்டேன். கப்பி முட்டையிடாது, குட்டி போடும். சில வாரங்களில் குட்டிகள் வந்தன. ஆனால் கடையில் வாங்கிய உருண்டைத் தீவனம் அந்தச் சின்ன வாய்க்குள் போகவில்லை. பொடித்துப் போட்டால் பாதி அடியில் தங்கித் தண்ணீரைக் கெடுத்தது. குட்டிகள் நாளுக்கு நாள் குறைந்தன.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், வீட்டில் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் கொசுப்புழு கொண்டுவந்தான். அதை ஊற்றியதும் மூலையில் சுருண்டு கிடந்த மீன்கள்கூடப் பாய்ந்து வந்தன. "சார், மீனுக்கு உசுரு வந்துருச்சு சார்!" என்று வகுப்பே கத்தியது. அசையும் இரையைக் கண்டால் துரத்துவது மீனின் இயல்பு. தின்னாமல் விட்டதும் கொஞ்ச நேரம் உயிரோடு நீந்தும் என்பதால் தண்ணீர் உடனே கெடுவதில்லை. அன்று முதல் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, கொசுப்புழு வளர்க்க ஆரம்பித்தோம்.

தவறு என்னுடையதுதான். தீபாவளியை ஒட்டி நான்கு நாள் விடுமுறை வந்தது. வாளியை மூட மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது புழு ஒன்றுகூட இல்லை. கூட்டுப்புழுத் தோல்கள் மட்டும் மிதந்தன. நம் பக்கத்து வெயிலில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அந்த வாரமே டெங்கு தடுப்புப் பணிக்கு வந்த அம்மா வாளியைப் பார்த்துவிட்டு, "வீடு வீடா நாங்க கொட்டச் சொல்லிட்டு வர்றோம், நீங்க வளர்க்குறீங்களே சார்" என்றார். பிள்ளைகள் முன்னால் என்னிடம் பதில் இல்லை. வாளியைக் கவிழ்த்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார்: கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும். அது காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். பள்ளியில் கொசுப்புழு வளர்க்கவே கூடாது என்பது இப்போது என் கட்சி. எங்காவது தேங்கிய நீரில் கண்டால் வடிகட்டி அன்றே மீனுக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தைக் காயவைத்துவிடுவோம்.

வேறு என்ன கொடுக்கலாம்? வண்ணமீன் கடைகளில் சிவப்பு நூல் போன்ற டியூபிஃபெக்ஸ் புழு கிடைக்கும். மீன் விரும்பித் தின்னும். ஆனால் அது சாக்கடைச் சேற்றில் வளர்வது. பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் எனக்கு வேண்டாம். உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியாவின் முட்டையை உப்புநீரில் போட்டுக் காற்று செலுத்தினால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். அருமையான தீவனம்தான், விலைதான் இடிக்கிறது.

கடைசியில் கை கொடுத்தது மொய்னா. டாஃப்னியா என்னும் நீர்த் தெள்ளுப்பூச்சியின் சிறிய உறவு, ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், வெப்பத்தையும் தாங்கும். குளத்து ஓரத்தில் விடியற்காலையில் மெல்லிய துணிவலையை இழுத்தால் புள்ளிப் புள்ளியாகத் துள்ளுவது கிடைக்கும். இருபது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் மீன் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்தோம். சில நாளில் பாசி பிடித்துப் பச்சையானது. அதில் விட்ட மொய்னா இரண்டு வாரத்துக்குள் கணக்கில்லாமல் பெருகியது. மேலே கொசுவலைத் துணி கட்டாயம். தண்ணீர் தெளிந்துவிட்டால் ஒரு சிட்டிகை ஈஸ்ட் கரைத்து ஊற்றுவோம். ஒரு முறை ஆசைப்பட்டு ஒரு கரண்டி போட்டேன். மறுநாள் தொட்டியே நாறிப்போய் எல்லாம் செத்துக் கிடந்தன. ஒரே நேரத்தில் கால் பங்குக்கு மேல் அள்ளுவதில்லை என்ற விதியும் உண்டு. அதைக் காவல் காப்பது ஆறாம் வகுப்புப் பெண்கள். என்னையே ஒரு முறை தடுத்திருக்கிறார்கள். கப்பிக் குட்டிகள் இதைத் தின்று நிலைத்துவிட்டன.

மீனை விட இந்தத் தொட்டியில்தான் பாடம் அதிகம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு சொட்டில் ஒரு மொய்னாவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் உடல் கண்ணாடி மாதிரி. குடலில் பச்சைப் பாசி தெரியும், முதுகுப் பக்கம் இதயம் துடிக்கும். துடிப்பு வாயால் எண்ண முடியாத வேகம். ஒவ்வொரு துடிப்புக்கும் பென்சிலால் தாளில் ஒரு புள்ளி தட்டி, பத்து நொடிக்குப் பின் புள்ளிகளை எண்ணச் சொன்னேன். ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு விட்டதும் புள்ளிகள் குறைந்தன. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் இவை ஹீமோகுளோபின் கூட்டிக்கொண்டு சிவக்கும். தொட்டி சிவந்தால் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று இப்போது பிள்ளைகளே சொல்கிறார்கள்.

உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உணவும் இடமும் தாராளமாக இருக்கும்வரை பெண்கள் மட்டுமே, ஆண் துணையின்றிப் பெண் குஞ்சுகளையே ஈனும். கன்னி இனப்பெருக்கத்துக்கு இதைவிட எளிய நேரடிச் சான்று வகுப்பறையில் கிடைக்காது. நெருக்கடி வந்தால்தான் ஆண்கள் தோன்றும், காய்ச்சலைத் தாங்கும் உறங்கு முட்டைகள் உருவாகும். இலியா மெச்னிகோவ் 1884-இல் டாஃப்னியாவின் ஒளி ஊடுருவும் உடலுக்குள் பூஞ்சை வித்துகளைச் செல்கள் சூழ்ந்து விழுங்குவதை விவரித்தார். நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக அவருக்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளையணுப் பாடத்தை இங்கிருந்து தொடங்கலாம்.

எங்களுக்கு இது வேறொன்றையும் காட்டியது. முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்த பிறகு, கிணற்று நீருக்குப் பதில் ஒரு நாள் வாய்க்கால் நீரை ஊற்றினோம். மறுநாள் மொய்னா அத்தனையும் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தன. முந்தின நாள் மேல் வயலில் மருந்து அடித்ததாக ஒரு மாணவி சொன்னாள். அதுதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட நான் விடவில்லை. இரண்டு பாட்டிலில் பத்துப் பத்து மொய்னா, ஒன்றில் கிணற்று நீர், மற்றதில் வாய்க்கால் நீர் என்று வைத்து, இரண்டு நாள் கழித்து அசைவதை எண்ணினோம். உலகெங்கும் ஆய்வகங்களில் நச்சுத்தன்மையைச் சோதிக்க டாஃப்னியாவை 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பதும் இதே முறைதான். அந்த வாரம் வாய்க்கால் பாட்டிலில் ஒன்றும் அசையவில்லை. பத்து நாள் கழித்து எடுத்த நீரில் எட்டு பிழைத்திருந்தன. அந்த மாணவி இரண்டு எண்களையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். "எங்க அப்பாகிட்ட காட்டலாமா சார்?" என்று கேட்டாள். அவர்கள் வயலும் அந்த வாய்க்காலில்தான். காட்டு, ஆனால் வாய்க்காலில் எது கலந்தது என்று நாம் சோதிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல் என்றேன்.

ஒன்று மறக்கக் கூடாது. பெருகிய கப்பியைப் பிள்ளைகள் முல்லையாற்றிலோ குளத்திலோ விட ஆசைப்படுவார்கள். அது தென் அமெரிக்க மீன். அயிரையும் கெண்டையும் வாழும் நீரில் அதை விட வேண்டாம்.

கோடை விடுமுறையில் தொட்டியைக் கவனிக்க ஆள் இல்லை. முதல் வருடம் அடியில் படிந்த வண்டலை நிழலில் காயவைத்துத் தாளில் மடித்து வைத்து, ஜூனில் தண்ணீரில் போட்டோம். ஒரு வாரத்தில் துள்ளல் தெரிந்தது. அடுத்த வருடம் அதே மாதிரி செய்தும் ஒன்றும் வரவில்லை. உறங்கு முட்டை உருவாகும் முன்பே தொட்டியைக் காலி செய்துவிட்டோம் போல. இந்த முறை மார்ச் மாதமே தீவனத்தைக் குறைத்து, கூட்டத்தை நெருக்கிப் பார்க்கலாம் என்று எட்டாம் வகுப்பு சொல்கிறது. மூன்று பொட்டலங்கள் இப்போது பீரோவில் இருக்கின்றன.