பிளவக்கலிலிருந்து மதுரைக்கு 41 நடை

மார்பகப் புற்றுநோய் என்றால் கட்டி என்றுதான் நம் பெண்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அழற்சி மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் கட்டி கையில் தட்டுப்படாது. மார்பு சிவந்து, சூடாகி, கனக்கும். தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி குழிகுழியாகும். ஜாக்கெட் விளிம்பு பதிந்த தடம் நெடுநேரம் மறையாது. எல்லாம் சில வாரங்களில், மிஞ்சினால் 6 மாதத்துக்குள்.

அமெரிக்காவில் மார்பகப் புற்றில் 1 முதல் 5 சதவீதம் இந்த வகை. இந்தியாவில் 2022இல் புதிய மார்பகப் புற்றுநோயாளிகள் 1,92,020 பேர் என்பது குளோபோகான் மதிப்பீடு. 1 சதவீதம் என்று வைத்தாலும் 1,900 பெண்கள்.

பால் கட்டு, சீழ்க்கட்டி என்று ஆன்டிபயாடிக் கொடுப்பது தவறல்ல. 10 நாளில் சிவப்பு வடியாவிட்டால் அடுத்த மாத்திரை எழுதக் கூடாது, தோலோடு சேர்த்து பயாப்ஸி எடுக்க வேண்டும். கண்டுபிடிக்கும்போதே இது குறைந்தது 3ஆம் நிலை. மூவரில் ஒருவருக்கு வேறு உறுப்புக்கும் போயிருக்கும். பரவாத நிலையில் 5 ஆண்டு தாண்டுவோர் அமெரிக்கக் கணக்கில் ஏறக்குறைய பாதிப்பேர்; பரவிவிட்டால் ஐந்தில் ஒருவர்.

சிகிச்சை முதலில் கீமோ, பிறகு அறுவை, பிறகு கதிர்வீச்சு. இந்த வரிசை மாறக் கூடாது. 50 கிலோ எடை, 1.5 சதுர மீட்டர் உடற்பரப்பு உள்ள பெண்ணுக்கு, வழக்கமான முறை ஒன்றில், டாக்சோரூபிசின் 90 மி.கி. வீதம் 4 முறை. வாராவாரம் பக்ளிடாக்சல் 120 மி.கி. வீதம் 12 முறை. புற்று ஹெர்2 பாசிடிவ் வகை என்றால் டிராஸ்டுசுமாப் முதலில் 400, பிறகு 300 வீதம் 17 முறை. மொத்தம் 5,500 மி.கி., அதாவது 440 மி.கி. குப்பி 13. பயோகான் 2014இல் இதன் இந்திய வடிவத்தைக் கொண்டுவந்தபோது குப்பி 57,500 ரூபாய். அந்த விலைக்கு 7,47,500 ரூபாய். போட்டி வந்து விலை இறங்கியது நல்லதாயிற்று. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டு வரம்பு 5 லட்சம்தான்.

மருந்துக்காவது காப்பீடு இருக்கிறது. சிகிச்சைக்கு மதுரை போய்வரும் நடைக்கு? கீமோ 16, கதிர்வீச்சு 25, ஆக 41 நடை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மட்டும் மதுரைக்குச் சுமார் 75 கிலோமீட்டர்; போய்வர 6,150. பிளவக்கல், வத்திராயிருப்புக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போனால் அதற்கு மேல். வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மதுரை பஸ்ஸில் உண்டு. நூறு நாள் வேலையின் 2025-26 கூலி 336 ரூபாய் என்று வைத்தால், நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் சேர்த்து இழப்பு 27,552 ரூபாய். கதிர்வீச்சின் 5 வாரத்தில் பாதியில் நின்றுபோகும் பெண்ணை நிறுத்துவது பெரும்பாலும் இந்தத் தொகைதான் என்று நினைக்கிறேன். துணைக்கு வருபவரின் கூலியையும் காப்பீட்டில் சேர்க்க வேண்டும்.