நுரை பொங்கினால் ஷாம்பெயின் ஆகிவிடாது

அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கம் பிறந்தநாள் வீடுகளில் அடிக்கடி பார்க்கிறேன்: ஐந்து வயதுப் பிள்ளைகள் கையில் நுரை வழியும் கிளாஸ். 'இது என்ன?' என்று கேட்டால், 'சூப்பர் மார்க்கெட்டில் வாங்கின ஜூஸ்தான் மாமா' என்கிறார்கள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தவர் ஒருவருமில்லை.

நுரைக்கும் பாட்டில்களில் தங்கத்தாள் சுற்றிய கழுத்தும் தக்கையும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான். உள்ளே இருப்பது வேறு. பிரான்ஸின் ஷாம்பெயின் வட்டாரத்தில், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளித்து நுரைப்பதுதான் ஷாம்பெயின். இத்தாலியின் ப்ரொசெக்கோ பெரும்பாலும் தொட்டியில் புளிப்பது. நாசிக்கின் சுலா புரூட் ஷாம்பெயின் முறையில்தான் தயாராகிறது. ஆனாலும் அந்தப் பெயர் அதற்குக் கிடையாது. மலிவான சில ஒயின்களில் சோடாவைப்போல வாயுவை ஏற்றிவிடுகிறார்கள். கடைசி வகை, வாயு ஏற்றிய பழச்சாறு.

சிக்கல், லேபிளில் வரும் 'நான்-ஆல்கஹாலிக்' என்ற சொல்லில். நம் சட்டப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம். ஆகவே 'நான்-ஆல்கஹாலிக்' என்றால் துளியும் இல்லை என்று பொருளல்ல. கர்ப்பிணிகளும், குடியை விட்டு மீண்டு வருபவர்களும் லேபிளைப் படித்தே ஆகவேண்டும். தமிழ்நாட்டில் சூப்பர் மார்க்கெட்டில் மது விற்கக் கூடாது. அங்கே வாங்கிய பாட்டிலின் லேபிளில் ஆல்கஹால் 0.5 சதவீதத்துக்கு மேல் என்று இருந்தால் சும்மா விடாதீர்கள்.

லேபிளின் இரு பக்கமும், பேட்ச் எண்ணும், 14 இலக்க உணவு உரிம எண்ணும் தெரியப் படமெடுங்கள். பில்லுடன் சேர்த்து 94440 42322 என்ற உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். நேரில் என்றால், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அத்துறையின் அலுவலகம். 'பார்க்கிறோம், போங்க' என்றால் நகராதீர்கள். புகார் எண்ணோ ஒப்புகையோ கையில் வாங்காத மனு குப்பைக்குத்தான் போகும்.

ஆய்வகச் சோதனை வேண்டுமா? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-வது பிரிவு அந்த உரிமையைக் கட்டணத்துக்குத் தருகிறது. ஆனால் சோதிக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் குடித்துப் பார்த்துவிட்டு ஓடி வருகிறார்கள், பயனில்லை. ஒரே பேட்ச்சில் இன்னொரு பாட்டில் வாங்குங்கள், சொல்லி வாங்குங்கள், திறக்காதீர்கள்.

எம்.ஆர்.பி.க்கு மேல் பிடுங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். நஷ்டஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். எங்கே போனாலும் பில் கேட்பார்கள். கடை தரும் வழவழத் தாளில் எழுத்து நாளடைவில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.