பெருவிரல் முரண்டு பிடிக்கிறதா?

விடியற்காலையில் ஸ்ரீரங்கம் உத்திர வீதிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஷூ மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் ஒருபுறம், வெறுங்காலோடு வலம் வருகிறவர்கள் மறுபுறம். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய ஆரோக்கிய ராஜீவ், நம்ம லால்குடிப் பக்கத்துக்காரராச்சே! ஓடுங்கள், நல்லதுதான். ஆனால், உங்கள் கால் பெருவிரலை என்றைக்காவது கவனித்ததுண்டா?

ஒவ்வொரு அடியிலும் குதிகால் எழும்பும்போது பெருவிரல் மூட்டுதான் மடங்கிக் கொடுக்கிறது. அங்குள்ள குருத்தெலும்பு தேய்ந்தால் மூட்டு இறுகும். மேல்புறம் எலும்பு முண்டு முளைக்கும். இதற்கு 'ஹாலக்ஸ் ரிஜிடஸ்' என்று பெயர். 1887-லேயே டாக்டர்கள் இதை விவரித்திருக்கிறார்கள்.

வீட்டிலேயே பாருங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதியுங்கள். கையால் பெருவிரலை மெதுவாக மேல்நோக்கித் தூக்குங்கள். ஒரு கால் விரல் மட்டும் பாதியில் நின்றுவிட்டாலோ, மேல்புறம் சுளீரென்று வலித்தாலோ சந்தேகப்படலாம். குத்துக்காலிட்டுக் கோலம் போடும்போதும், மலைக்கோட்டைப் படியேறும்போதும் இந்த வலி தலைகாட்டும்.

'விரல்தானே, போகட்டும்!' என்று விடாதீர்கள். வலிக்குப் பயந்து பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நடப்போம். கொஞ்ச நாளில் முழங்காலும் இடுப்பும் முனக ஆரம்பிக்கும்.

யூரிக் ஆசிடா?

பெருவிரல் வலித்தாலே 'யூரிக் ஆசிட்தான்' என்று பக்கத்து வீட்டு மாமா மாத்திரை சொல்வார். கேட்காதீர்கள்! அந்த வலி பெரும்பாலும் திடீரென்று, ராத்திரியில் வரும்; விரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். தேய்மானமோ மெல்ல மெல்ல வளரும். நடக்க நடக்கக் கூடும். டாக்டரின் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் நிலைமையைச் சொல்லிவிடும். சிவப்போடு காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

என்ன செய்யலாம்?

* ஷூவை மாலையில் வாங்குங்கள்; பகலெல்லாம் நடந்த கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். முன்பக்கம் அகலமாக, அடிப்பாகம் எளிதில் மடங்காததாக இருக்கட்டும். ஹை ஹீல்ஸ் வேண்டாம்.

* வலி இருக்கும்வரை வேக ஓட்டம், மேடு, படிக்கட்டைக் குறையுங்கள். சைக்கிள், நீச்சல் கைகொடுக்கும்.

* ஓடி முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிஷம் போதும். உணர்ச்சி மரத்த காலுக்கு இது கூடாது.

* வலி மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

சர்க்கரை நோயாளிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. மரத்துப்போன காலுக்குப் பிராகாரத்துக் கல்லின் சூடு தெரியாது. கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போய் வாருங்கள். வந்ததும் விரலிடுக்குவரை பாருங்கள்.

இதற்கெல்லாம் மசியாவிட்டால்? முண்டைச் செதுக்கி எடுக்கும் ஆபரேஷன் இருக்கிறது. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓ'நீல் 2002-ல் பெருவிரலில் ஆபரேஷன் செய்துகொண்டு மீண்டும் களமிறங்கினார். மூட்டு ரொம்பவே தேய்ந்திருந்தால் அதை அசையாமல் இணைத்துவிடுவார்கள்; வலி அடங்கும், ஆனால் விரல் மடங்காது. அந்த நிலைக்குப் போகுமுன், இன்றைக்கே நாற்காலியில் உட்கார்ந்து விரலைத் தூக்கிப் பாருங்களேன்!